புள்ளிக்கு இடப்பக்கம்

மூஞ்சிக்கல்லில் பேட்டரிக் கடைக்கு மேலே
பத்துக்குப் பன்னிரண்டு அறை.
என் பெயரில் ஒரே ஒரு டொமைன்.
வருடத்துக்கு எண்ணூற்றுச் சொச்சம் கட்டி
அதன் இடப்பக்கத்தைத்
துண்டு துண்டாக வாடகைக்கு விடுகிறேன்.

பூண்டு, புள்ளி, என் டொமைன்:
பூம்பாறை தெய்வேந்திரனுக்கு.
பிளம்ஸ், புள்ளி, என் டொமைன்:
வில்பட்டி சகாயமேரிக்கு.
தைலம், தேன், வாடகை ஜீப்,
ஒரு பல் டாக்டர்.
மொத்தம் பதினான்கு பேர்.

இதென்ன தலைகீழா இருக்கு ஜெசிந்தா
என்றார் தெய்வேந்திரன் முதல் நாள்.
நம்ம வழக்கத்துல அப்பன் எழுத்து முன்னால,
புள்ளி, அப்புறம்தானே பிள்ளை?
இங்கே பிள்ளை முன்னால நிக்கிறான்,
அப்பன் பின்னால கைகட்டி நிக்கிறான்.
ஆமாண்ணே, ஆனா
பில்லு அப்பனுக்குத்தான் வரும் என்றேன்.

வீட்டை ஒட்டி ஓர் அறை கட்டி
7/3அ என்று கதவெண் கேட்டால்
நகராட்சி ஆள் டேப்போடு வருவார்.
இங்கே யாரும் வருவதில்லை.
ஒரு பெயர், ஒரு எண்,
'சேமி' என்றொரு பொத்தான்.
அத்தனை சுலபமாய்க் கட்டியதால்தான்
இடிக்க மறந்துபோகிறது.

எட்வின் ராயப்பனின் விடுதி
அட்டுவம்பட்டியில் மூன்று அறை.
ஒரு சீசன் நன்றாகப் போனது.
மறு வருடம் அனுமதி இல்லையென்று பூட்டு விழுந்தது.
எட்வின் வத்தலக்குண்டுக்கு இறங்கிப்போனார்.
அவருக்கென்று தனியாக எடுத்த சர்வரை
நான் ரத்து செய்தேன்,
மாதம் முந்நூறு மிச்சம்.
பெயரை அழிக்கவில்லை.
விடுதி, புள்ளி, என் டொமைன்
காலியான ஓர் எண்ணை நோக்கி
விரல் நீட்டியபடியே நின்றது,
ஒன்றரை வருடம்.

எண் காலியாகவே இருக்குமா?
எவனோ எடுத்தான்.
எந்தப் பெயரைச் சொல்லித் தட்டினாலும்
திறக்கிற கதவொன்றை மாட்டினான்.

ஏப்ரல். சகாயமேரி போன் பண்ணினாள்.
அக்கா, எட்வின் அண்ணன் விடுதியில
ரம்மி ஆடுறாங்க.
பணம் கட்டச் சொல்லுது.

பச்சை விரிப்பு, சிவப்பு ஆட்டின்,
மேலே முகவரியில் என் பெயர்.
மாலைக்குள் பதினான்கு வாசலிலும்
பிரவுசர் சிவப்புப் பலகை மாட்டிவிட்டது:
ஏமாற்றுத் தளம், திரும்பிப் போ.
தேனுக்கும். பல் டாக்டருக்கும்.
இருநூறு கிலோ பூண்டு கேட்டிருந்த கோயம்புத்தூர்க்காரர்
அப்படியே திரும்பிப் போனார்.
தெய்வேந்திரன் திட்டவில்லை.
நீ சொன்ன பில்லு வந்துருச்சு போல, என்றார்.

அந்த ஒரு வரியை அழித்தேன்.
ஒரு வினாடி ஆகவில்லை.
ஆனால் என்றோ என் கையாலேயே
ஆயுள் கட்டத்தில் எழுதி வைத்திருந்தேன்
எண்பத்தாறாயிரத்து நானூறு.
வினாடிக் கணக்கில் ஒரு முழு நாள்.
அதுவரை ஊரெல்லாம்
பழையதை ஞாபகம் வைத்திருக்கலாம்.

இங்கே நாயுடுபுரத்தில் வெயிலடிக்கும்போது
வட்டக்கானலில் நீட்டிய கை தெரியாது.
அப்படித்தான் அன்று.
திண்டுக்கல்லில் விலகிவிட்டது,
மதுரையில் சீட்டு இன்னும் கலைகிறது.
என் போனில் இல்லை,
கீழே பேட்டரிக் கடைப் பையன் போனில் இருக்கிறது.
இறங்கி இறங்கி வாங்கிப் பார்த்தேன்.
மூன்றாம் முறை அவன் கேட்டான்:
அக்கா, இதுல ஜெயிச்சா நிஜமாவே காசு வருமா?

பலகை இறங்கப் பதினொரு நாள்.
பல் டாக்டர் சொந்த டொமைன் வாங்கிக்கொண்டார்.
என் நோட்டில் புதிதாக ஒரு பத்தி:
பெயர், எண், பணம் கட்டிய தேதி,
கடைசியில் 'போய்விட்டாரா'.
மாதம் பிறந்தால் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு
இருக்கீங்களா என்று கேட்கிறேன்.
சிலர் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆவணியில் எட்வின் கூப்பிட்டார்.
வத்தலக்குண்டில் பிரியாணிக் கடையாம்.
அந்தப் பழைய பேரு இருக்குதா ஜெசி?
பிரியாணிக்கு விடுதின்னா பேரு?
ராசியான பேரும்மா.
நடந்ததைச் சொல்லவில்லை.
வருடத்துக்கு நாலாயிரம், முன்பணம் என்றேன்.

ஆயுள் கட்டத்தில் முந்நூறு போட்டேன்.
ஐந்து நிமிடம் கழித்துக் கீழே இறங்கி
பையனின் போனை வாங்கினேன்.
பிரியாணி வந்திருந்தது.